பிழை எண் 4417

லக்கெரே, இரண்டாம் மாடி, சனிக்கிழமை ராத்திரி.
தொண்ணூற்றிரண்டு ஜிபி இறங்கிக்கொண்டிருக்கிறது
மழைக்குப் பயப்படும் ஒரு கேபிள் வழியாக.
முனிகிருஷ்ணன் குளித்து, தலை சீவி,
சட்டைகூட மாற்றிவிட்டான்
பெண் பார்க்கப் போகிறவன்போல.

"ஐயாயிரத்துக்கு ஒரு ரூபா கம்மி குடுத்தேனே,
அப்போ இந்தப் பெட்டிக்குள்ள என்னதான் இருக்கு?"
ஒரு வட்டு.
வட்டுக்குள், மீதியை இறக்கிக்கொள் என்கிற கட்டளை.
எனக்குத் தெரியும். சொல்லவில்லை.
வீட்டில் மூச்சு விடக்கூடாது என்று
கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

பெல்லந்தூரில், ஏழாம் தளத்தில்,
ஏசி குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு
பதினோரு மாதம் இந்த ஆட்டத்தைச் சோதித்தவள் நான்.
ஒரே சுவரில் நானூறு முறை முட்டியிருக்கிறேன்.
பாறைக்குள் புகுந்துகொண்ட குதிரை
வாலை மட்டும் வெளியே ஆட்டியதைக்
கண்டுபிடித்தது நான்தான்.

மூன்றாம் கட்டத்தில் ஒரு இரும்புக் கதவு.
இடக்கைப் பக்கம் இரண்டு பொத்தான்களை
ஒன்றாக அழுத்தி, விடாமல் பிடித்து,
இருபது நொடி
வலக்கையால் வாள் சுற்ற வேண்டும்.
எழுதினேன். பிழை எண் 4417:
பொத்தானை மாற்றிக்கொள்ள வழி இல்லை.
ஒருமுறை அழுத்தினால் போதும் என்று வைக்கலாம்.
யாருடைய கையை நினைத்து எழுதினேன் என்பதற்கு
அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.

பீன்யாவில் ஒரு மதியம் பிரஸ் மெஷின்
கேட்காமல் எடுத்துக்கொண்ட இரண்டு விரல்களும்
இடக்கையில்தான்.
ராஜாஜிநகர் இ.எஸ்.ஐ.யில் கட்டுப் பிரித்த அன்று
அவன் கேட்ட முதல் கேள்வி:
"கண்ட்ரோலர் பிடிக்க முடியுமா சிஸ்டர்?"
சிஸ்டர் டிவி ரிமோட் என்று நினைத்து
பிடிக்கலாம் என்றாள்.

நாலு நாளில் பதில் வந்தது.
'வடிவமைப்பின்படியே உள்ளது. மூடப்பட்டது.'
அதே வாரம்
கடைத் திரையில் 'வாங்கு' என்னும் பொத்தான்
ஒரு நூலிழை நகர்ந்திருந்தது.
கடல் கடந்து எங்கோ ஒருவரைத்
தூக்கத்திலிருந்து எழுப்பினார்கள்.
நாற்பது நிமிடத்தில் சரியானது.
கேக் வெட்டினார்கள் என்றால் பொய்.
நன்றி மடல் வந்தது, அது நிஜம்.

பதினொன்றரைக்கு இறங்கி முடிந்தது.
கரெண்ட் போனது.
வந்தது.
கணக்குத் திற, கடவுச்சொல்,
ஒப்புக்கொள்கிறேன், ஒப்புக்கொள்கிறேன்
(எதை ஒப்புக்கொண்டானோ,
எழுத்து எறும்பு வரிசை;
டிவிக்கு முன்னால் மண்டி போட்டும் படிக்க முடியவில்லை).

ஒரு மணிக்கு அந்தக் கதவு.
செத்தான். திரும்பச் செத்தான்.
கண்ட்ரோலரைத் தொடையில் வைத்து அழுத்தினான்,
தாடையை வைத்துக்கூடப் பார்த்தான்.
ஒவ்வொரு சாவுக்கும் திரை இதமாகக் கேட்டது:
'சிரமமா? நாற்பத்தொன்பது ரூபாய்க்கு உயிர் உண்டு.'

தோசைக்கல்லை இறக்கிவிட்டு வந்தேன்.
"நகரு" என்றேன்.
அவன் முதுகைச் சுற்றிக் கையை விட்டு
அந்த இரண்டு பொத்தான்களில் என் இரண்டு விரல்கள்,
வெங்காய வாசனையோடு.
ஒருவர் மட்டுமே ஆடக்கூடியது
என்று அட்டையில் போட்டிருக்கிறது.
அவன் வாள் சுற்றினான்.
பதினாறு. பதினேழு.
கீழ்வீட்டு ரேவண்ணா "ஏன்ரீ கலாட்டே!" என்று
கூரையைக் குச்சியால் இடிக்கிறார்.
மூச்சு விடாதே முனி. பத்தொன்பது.

கதவு திறந்தது.
உள்ளே
ஒரு கடை.
ஜொலிக்கும் கேடயம், எழுநூற்றுத் தொண்ணூற்றொன்பது,
இன்னும் ஆறு மணி நேரம் மட்டும்.

திரை வெளிச்சத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தான்.
"இதையும் நீதான் டெஸ்ட் பண்ணியா?"

ஆமாம் என்றேன்.
இதில் மட்டும்
ஒரு பிழைகூட இருக்கவில்லை.